வெள்ளைக் கார் தேரிக்குப் போன கதை

வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் என் மனைவி மிக்ஸியைப் போட்டுவிடுவாள். குற்றமாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் அது. முதலில் தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் பேசிக்கொண்டே அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, ஜாருக்குள் ஒன்றுமே இல்லை. கார் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

தெருவில் கேட்டவர்களிடம், "பிள்ளைகளோட நாலு இடம் பாக்கணும்லா" என்று சொல்லிவைத்தேன். உள்ளே இருந்த கணக்கு வேறு. காரில் மிக்ஸி கிடையாது, டி.வி. கிடையாது, கொல்லைப்புறம் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் நாலு பேர் நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஓடும் வண்டியிலிருந்து யாரும் இறங்கிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

ஏழு வருஷம் ஓடிய பழைய வண்டிதான் கிடைத்தது. வெள்ளை நிறம். "ஒரு கோடு கிடையாது அண்ணாச்சி" என்றார் விற்றவர். அந்தக் குறையை முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டு கேட்டின் உதவியோடு நீக்கிவிட்டேன்.

முதல் பயணம் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கு என்று முடிவு செய்தேன். பாளையங்கோட்டையிலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். தாமிரபரணிக் கரையின் பச்சை, தேரியின் சிவப்பு, உடன்குடிக் கருப்பட்டியின் கறுப்பு, மணப்பாட்டுக் கடலின் நீலம். ஒரே நாளில் நாலு நிறம். டைரியில் 'வண்ணப் பயணம்' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடு இழுத்து, அரைமணிக்கு ஒரு நிகழ்ச்சியாக எழுதிவைத்தேன். 'மாலை 6.00: கடலில் சூரிய அஸ்தமனம்' என்பது கடைசி வரி.

இங்கே ஒரு சின்ன உண்மையைச் சொல்லிவிட வேண்டும். என் மனைவி பிறந்த ஊர் உடன்குடிக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரியை ஒட்டித்தான் இருக்கிறது. மாமனார் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தச் சோற்றுக்கு அப்புறம் நான் எந்த மண்ணையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் திண்ணையும் தலையணையும்தான். அப்படிப்பட்டவன் இரண்டு ராத்திரி செல்போனில் படித்துவிட்டு அவளுக்கே தேரியை விளக்கக் கிளம்பினேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். எட்டே காலுக்குக் கிளம்பினோம். அம்மாவுக்கு வாந்தி வரும் என்பதால் முன்சீட்டு, கையில் எலுமிச்சம்பழம். பின்னால் மனைவி, காலேஜ் போகும் மகள், எட்டாம் வகுப்பு மகன், அவர்கள் மடியில் புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் கேன், என்னத்துக்கு என்று இதுவரை தெரியாத ஒரு தலையணை. ஏ.சி. ஓடவில்லை. அதை முன்னாடியே பார்த்திருக்கலாம்தான். எல்லாக் கண்ணாடியையும் இறக்கினார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னல் வழியாக வரும் காற்றின் இரைச்சலுக்குப் பக்கத்தில் மிக்ஸி ஒன்றுமே இல்லை என்பது கிருஷ்ணாபுரம் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

விடவில்லை. ஆதிச்சநல்லூரில் வேகத்தைக் குறைத்தேன். 1876இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து இந்தப் பரம்பைத் தோண்டினார், பின்னால் அலெக்சாண்டர் ரீ வந்தார், ஆள் உயரத்துக்குத் தாழி தாழியாக எடுத்தார்கள் என்று ஆரம்பித்தேன். மகள் காதில் இயர்போன். மகன் வாயில் முறுக்கு. அம்மா மட்டும் கண் திறந்தாள்.

"தாழியா? எங்க ஆச்சி வீட்டுல ஒண்ணு கெடந்துது. புளி போட்டு வச்சிருந்தோம்."

அத்தோடு சங்ககாலத்துக்கு முந்தைய நாகரிகம் முடிந்தது.

ஸ்ரீவைகுண்டம் வந்தது. தாமிரபரணியின் கடைசி அணை இதுதான், இதற்கப்புறம் ஆறு நேரே கடலுக்கு, இங்கிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து போய்க் குளம் குளமாக நிரப்புகின்றன என்று சொல்லி, "இப்போ பாருங்க, கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை!" என்று கையை நீட்டினேன். எதிரே வயல் அறுத்து, காய்ந்து, நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. வைகாசி மாசம். பிசான நெல் அறுத்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"தை மாசம் வந்திருக்கணும்" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள். நல்லவேளையாக ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழைத்தோட்டங்கள் வந்து என் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றின. கடம்பாகுளத்தின் கரையில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். டைரிப்படி அந்நேரம் நாங்கள் தேரியில் நின்றிருக்க வேண்டும்.

குரும்பூர் தாண்டியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "திருச்செந்தூருக்குத்தானே போறோம்?"

"இல்லம்மா. இது இயற்கைச் சுற்றுலா."

"இவ்வளவு தூரம் வந்துட்டு முருகனைப் பாக்காமப் போனா அவன் என்ன நினைப்பான்?"

முருகன் என்ன நினைப்பான் என்பதைவிட அம்மா திரும்பும் வழியெல்லாம் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. போனோம். காரில் இருந்தபடியே கோபுர தரிசனம் என்று ஒப்பந்தம். அது இறங்கி, நடந்து, கடலில் கால் நனைத்து, இலை விபூதி வாங்கி, ஒன்றரை மணி நேரம் ஆனது. மத்தியான வெயிலில், பகுத்தறிவுள்ள எவனும் போகாத நேரத்தில், காயாமொழி வழியாகத் தேரிக்குள் நுழைந்தோம்.

நிஜமாகவே வாயடைத்துப் போனேன். எனக்கு அது அபூர்வம். இரண்டு பக்கமும் சிவப்பு. செங்கல் சிவப்பு என்று சொன்னால் போதாது. மிளகாய் வற்றலை இடித்துக் கொட்டிவைத்த மாதிரி. அது மேடும் பள்ளமுமாகப் போய்ப் போய் வானத்தில் முட்டியது. நடுநடுவே பனை, கொல்லாமரம், குடை பிடித்த மாதிரி உடைமரம். தார்ச்சாலையின் ஓரத்தில் காற்று மணலைத் தள்ளித் தள்ளி, சாலையைப் பாதி தின்றிருந்தது.

வாய் திறந்ததும் முதல் வேலையாக விளக்கினேன். "இந்த மணல் ஒவ்வொரு பொடியிலயும் இரும்பு ஆக்சைடு பூசியிருக்கு. ஹெமடைட்னு பேரு. பனியுகத்துல கடல் மட்டம் கீழ போயிருந்தப்போ, தென்மேற்குக் காத்து..."

"எங்க ஸ்கூல் யூனிபாரம் வெள்ளைச் சட்டை" என்றாள் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "ஆனி ஆடியில காத்து அடிச்சா மூணே நாள்ல காவி. கன்னியாஸ்திரி டீச்சர் தினம் அடிப்பாங்க. அவுங்க உடுப்பும் காவியாத்தான் இருக்கும்."

மகள் இயர்போனைக் கழற்றினாள். "அம்மா, அப்புறம்?"

நான் கவனித்துக்கொண்டேன். இரும்பு ஆக்சைடுக்குக் கழற்றாத இயர்போன்.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். இயற்கைச் சுற்றுலாவின் இரண்டாவது கோயில். அம்மா உள்ளே போய்விட்டாள். நாங்கள் நிழலில் உட்கார்ந்தோம். கார்த்திகை மாசக் கடைசியில் இங்கே கள்ளர் வெட்டு நடக்கும். தேரிக்குள் இளநீரைக் கள்ளனாக வைத்து வெட்டுவார்கள். வெட்டினதும் இளநீர் தெறித்த அந்த மண்ணுக்குக் கூட்டம் பாயும். வீட்டிலும் வயலிலும் வைத்தால் நல்லது என்று அள்ளிக்கொண்டு போவார்கள். இதை நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள். சின்னப் பிள்ளையில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாளாம். அப்பா மண் அள்ளக் குனிந்த வேகத்தில் இவள் தலைகீழாகக் கூட்டத்துக்குள் விழுந்தாளாம். பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் காரில் வந்து, என் பெட்ரோலில், என் சபையை அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பொறாமையில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலையோரம் மேடு சரிந்து அழகாக ஒரு இடம். சிவப்பு மணலில் வெள்ளைக் கார் நின்றால் எப்படி இருக்கும்! சினிமாக்காரர்கள் இங்கே வந்து படம் பிடிப்பது சும்மாவா? ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

"மணலுக்குள்ள இறக்காதீங்க. சக்கரம் தாந்துரும்."

"பத்து அடிதான்."

"பத்தடின்னாலும் தேரி தேரிதாங்க."

பத்து அடிகூடப் போகவில்லை. எட்டாவது அடியில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். வண்டி நகர்ந்தது, கீழ்நோக்கி. அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "ஏல, காரு குழிக்குள்ள போவுதே" என்றாள்.

எல்லோரும் இறங்கினார்கள். பின்னால் எடுத்துச் சாலையில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மகளிடம் எல்.எல்.ஆர். இருக்கிறது, அவளை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து ரிவர்ஸ் போடச் சொல்லிவிட்டு, முன்னால் போய் பானெட்டில் கைவைத்துத் தள்ளினேன். இந்தக் காலத்துச் சின்னக் கார்களுக்கு இழுவை முன்சக்கரத்தில். முன்சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினால் மணல் எந்தப் பக்கம் பறக்கும்? இதைப் பத்தாம் வகுப்பு இயற்பியலில் நான் படித்திருக்கிறேன். பேப்பரில் படிப்பது வேறு, வாயில் படிப்பது வேறு. புருவம், காது, பல் இடுக்கு, சட்டைப்பை எங்கும் ஹெமடைட். மகன் செல்போனில் படம் எடுத்தான். கேட்டேனே, சிவப்புக்கு முன்னால் வெள்ளைக் கார் என்று. அந்தப் படத்தில் வெள்ளைக் காருக்கு முன்னால் சிவப்பாக நான் நிற்கிறேன்.

மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "கால்டுவெல் பாதிரியாரைப் பாரு. 1841இல் சென்னையிலிருந்து நடந்தே இந்தச் சீமைக்கு வந்தார். இதே மாதிரித் தேரி மண்ணுல, இடையன்குடியில, 50 வருஷம் இருந்தார்."

"நடந்து வந்ததாலதான் வந்து சேந்தாரு" என்றாள்.

மகன் அதற்குள் கற்கால ஆயுதம் கண்டுபிடித்துவிட்டான். தேரி மணலில் ஆதிமனிதன் செய்த சின்னச் சின்னக் கல்லாயுதங்கள் கிடைக்கும், 1956இல் ஸாய்னரும் ஆல்ச்சினும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று முதல் நாள் ராத்திரி அவனிடம் சொல்லியிருந்தேன். ஒருவனாவது கேட்டானே என்று ஆசையாக வாங்கிப் பார்த்தேன். பீர் பாட்டிலின் அடிப்பாகம்.

அரைமணி கழித்து மொபெட்டில் ஒருவர் வந்தார். இரண்டு பக்கமும் கேன். தோளில் துண்டு, நெஞ்சில் மரம் ஏறித் தேய்ந்த தழும்பு. நான் எழுந்து போய் நிலைமையை விளக்குவதற்குள் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுக்கு மேற்கே என்று மூன்றே கேள்வி. நாலாவது வாக்கியத்தில் அவர் அவளுக்கு அண்ணன் ஆகிவிட்டார். அதற்கப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார்.

"மாப்ள டவுனோ?"

அந்த இரண்டு வார்த்தையில் என் படிப்பு, உத்தியோகம், டைரி எல்லாம் அடங்கிப்போயின.

"காத்தைப் பாதி இறக்குங்க" என்றார். "நான் அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள் மனைவி. நினைத்தாளாம்! நாலு டயரிலும் காற்றை இறக்கினோம். அவர் காய்ந்த பனை மட்டைகளை இழுத்து வந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓலையோடு திணித்தார். மகளிடம், "பாப்பா, உறுமாம மெதுவா எடு" என்றார். வண்டி ஆமை மாதிரி பின்னால் ஊர்ந்து தார்ச்சாலையில் ஏறியது. மொத்தம் ஐந்து நிமிஷம். ரூபாய் நீட்டினேன். "எங்க வீட்டுப் பிள்ளைக்கு மட்டை போட்டதுக்குக் காசா?" என்று சொல்லிவிட்டு, விடிலிக்கு வந்து பயினி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

பயினி என்றால் பதனீர். விடிலி என்பது அதைக் காய்ச்சும் ஓலைக்குடிசை. உள்ளே அகன்ற சட்டியில் பதனீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய சம்சாரம் உடைமுள்ளைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார். அந்த அனலில் முழுநாள் நிற்கிறார்கள். நாம் கிலோவுக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுகிறோம். விடியும் முன்னால் ஏறி, சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து இறக்கி, மிச்சம் வைத்திருந்த பதனீரைப் பனம்பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். கலயத்தில் சுண்ணாம்பு இல்லையென்றால் அது கள்ளாகப் புளித்துவிடும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். பட்டை வாயில் இருந்தது. குடித்துவிட்டேன். வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று.

காய்ச்சிய பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினார்கள். அம்மா ஆறிக்கிடந்த ஒரு கருப்பட்டியை உடைத்து, முகர்ந்து, கடித்து, சீனி கலக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் அம்மாவின் பல்லுக்கு அப்புறம்தான். ஐந்து கிலோ வாங்கினோம். பேரம் பேசவில்லை, நான் இருந்த கோலத்தில் பேரம் பேச எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

பாதிக் காற்றோடு உடன்குடிக்கு உருட்டிக்கொண்டு போனோம். பஞ்சர் கடைப் பையன் டயரைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தேரியா அண்ணாச்சி?" என்றான். "வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க. எல்லாம் வெளியூருதான்." எனக்குப் பின்னால் நின்ற உள்ளூர்க்காரி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

மணப்பாட்டுக்குப் போய்ச் சேரும்போது ஐந்தரை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன்மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே கடலைப் பார்த்த ஒரு குகை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தக் குகையில் தங்கியதாகச் சொல்வார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டாள். முருகனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்லியிருப்பாள். அவளுக்கு மனு ஒன்றுதான், ஆபீஸ்தான் வேறு வேறு.

நான் குன்றின் நுனிக்குப் போனேன். நாள் முழுக்கத் தோற்றாலும் கடைசி நிகழ்ச்சி கைவசம் இருந்தது. கேமராவைக் கடல்பக்கம் நீட்டி, "எல்லாரும் வாங்க, ஆறு மணிக்குச் சூரியன் அப்படியே கடலுக்குள்ள இறங்கும்" என்றேன்.

யாரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கருமேனி ஆறு கடலோடு சேரும் கழிமுகத்துக்கு மேலே, பனைமரங்களுக்குப் பின்னால், மத்தியானம் பார்த்த தேரியை மொத்தமாக வானத்தில் அள்ளி வீசினமாதிரி சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது கிழக்குக் கடல்" என்றாள் மனைவி.

ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடியையும் ராமேஸ்வரத்தையும் பார்த்தவன். சூரியன் எங்கே உதிக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். பேசாமல் போய் அவர்கள் பக்கத்தில் நின்றேன். யாரும் எதுவும் விளக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் காரைக் கழுவினேன். ஒரு வாளி, இரண்டு வாளி, ஐந்து வாளி. சிவப்பாகத் தண்ணீர் வழிந்து தெருமுனை வரை போனது. சீட்டுக்கடியில் மண், கதவு இடுக்கில் மண், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் ஒரு சின்னத் தேரி. கால்மிதியை உதறப் போனேன். "கொட்டிராதீங்க" என்று மனைவி ஓடிவந்தாள். கருப்பட்டி வந்த ஓலைப்பெட்டியில் அந்த மண்ணைத் தட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னத்துக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பெயிண்டு போவுதோ?"

வாளியைக் கீழே வைத்தேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டேன். "பெயிண்டு இல்ல அண்ணாச்சி. இது தேரி மணல். இதுல பாத்தீங்கன்னா, ஒவ்வொரு பொடியிலயும் ஹெமடைட்னு ஒரு இரும்பு ஆக்சைடு..."

உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது.